மயிலேறும்பெருமாள் பஸ் ஏறிய நாள்

பூவரசங்கோட்டை பஸ் நிலையத்தில் மயிலேறும்பெருமாள் நாற்பத்தெட்டு வருஷமாகத் தென்காசி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தான் என்பதில் ஊருக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. அவன் வந்து சேர்ந்தது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்பதில்தான் இரண்டு கட்சி இருந்தது. இரண்டு கட்சியும் சரி. டைம் கீப்பர் தெய்வநாயகம் தன் நாவலில் அவனைப் பற்றிய கடைசி வரியை எழுதியது 1971 செப்டம்பர் பதினான்கு, செவ்வாய். அந்த வரியிலிருந்து அவன் எழுந்து வந்து பஸ் நிலையத்துக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்ததை ஊர் பார்த்தது மறுநாள் காலை, புதன். கருவான நேரமா, வெளியே வந்த நேரமா, எதை வைத்து ஜாதகம் கணிப்பது என்று சாதாரண மனிதர்கள் விஷயத்திலேயே ஜோசியர்கள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கும்போது, பூவரசங்கோட்டைக்காரர்கள் ஒரு கிழமை தடுமாறியதைக் குற்றம் சொல்ல முடியாது.

தெய்வநாயகம் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் டைம் கீப்பர். உட்கார்ந்தால் முழங்கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மரக்கூண்டுக்குள் இருந்துகொண்டு, எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதுவது உத்தியோகம். இரண்டு பஸ்ஸுக்கு நடுவே கிடைத்த நேரத்தில், பழைய டிரிப் ஷீட்டுகளின் வெற்றுப் பின்பக்கத்தில், அவர் நாவல் எழுதினார். முன்பக்கம் முழுக்க உண்மையும் பின்பக்கம் முழுக்கக் கற்பனையும் கொண்ட அந்தத் தாள்கள் இருநூற்றுப் பதினொன்று சேர்ந்திருந்தன. கதை பெரிய கதை இல்லை. மயிலேறும்பெருமாள் என்று ஒரு கிணறு வெட்டுகிறவன், வயது இருபத்தேழு. பெண்டாட்டி பிரசவத்துக்காக, தென்காசி போகிற வழியில் சீவலாற்றுக்கு அக்கரையில் கருத்தாப்பட்டியில் தாய்வீட்டில் இருக்கிறாள். பெண் பிள்ளை பிறந்திருக்கிறது என்று கார்டு வருகிறது. அவன் ஒரு மரக் கிலுகிலுப்பை வாங்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வருகிறான். இருநூற்றுப் பதினோராம் தாள் இப்படி முடிகிறது: ‘தென்காசி பஸ் வந்தது. மயிலேறும்பெருமாள் தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு பஸ்ஸை நோக்கி ஓடினான்.’

மறுநாள் வேலைக்கு வந்த டைம் கீப்பர், குழாயடியில் நின்றவனையும் அவன் கையிலிருந்த மஞ்சள் பையையும் பார்த்தார். கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு அவர் குறித்த நேரங்கள் அத்தனையும் தப்பு என்று கம்பெனியிலிருந்து மெமோ வந்தது. அதன் பிறகு அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

பஸ்ஸுக்கு இடம் பிடிக்கிற வழக்கத்தை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பூவரசங்கோட்டையில் பஸ் நிற்பதற்கு முன்பே, அது வளைந்து உள்ளே நுழையும்போதே, கூடவே ஓடி ஜன்னல் வழியாகத் துண்டை எறிய வேண்டும். துண்டு விழுந்த இருக்கை துண்டுக்காரனுக்கு. அவன் வெற்றிலை வாங்கிவிட்டு, ஒன்றுக்குப் போய்விட்டு, நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு சாவகாசமாக வரலாம், அதுவரைக்கும் கலெக்டரே வந்து கேட்டாலும் பக்கத்து இருக்கைக்காரர் சொல்வது ஒரே பதில்தான்: “ஆள் வருது.” சொத்துத் தகராறில் அண்ணன் தம்பி வெட்டிக்கொண்ட ஊர்தான் அது, ஆனால் இன்னொருவன் துண்டை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்தவன் என்று ஒருவன் பேரும் அந்த ஊர்ச் சரித்திரத்தில் இல்லை.

மயிலேறும்பெருமாள் ஒவ்வொரு தென்காசி பஸ்ஸுக்கும் எழுதியிருந்தபடி துண்டை உருவிக்கொண்டு ஓடினான். துண்டு பறந்து ஜன்னலோர இருக்கையில் கச்சிதமாக விழும். அத்துடன் சரி. படிக்குப் பக்கத்தில் வந்ததும் கால் நின்றுவிடும். அதற்கு மேல் எழுதப்படவில்லை. பிடித்த இடம் வீணாகக் கூடாது என்று முதலில் ஒரு கர்ப்பிணிக்குக் கொடுத்தான், பிறகு ஒரு கிழவருக்கு. கொஞ்ச நாளில் ஊரே இடம் பிடிக்கிற வேலையை அவனிடம் விட்டுவிட்டது. வயதானவர்கள் துண்டை அவனிடம் கொடுத்துவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒரே ஓட்டத்தில் ஏழு துண்டு எறிவான்.

“பேரு மயிலேறியாம், பஸ் ஏற மாட்டானாம்” என்று கண்டக்டர்கள் கேலி பண்ணினார்கள். அவனும் சிரிப்பான். பத்து வருஷம் போய், ஒரு மயிர்கூட நரைக்காமல் அவன் நிற்பதைக் கவனித்த டீக்கடைச் சுப்பையாதான் ஒருநாள் கேட்டார்.

“ஏன்வே டைம் கீப்பரே, இந்தப் பய ஏன் வயசாவாம நிக்கான்?”

“அவன் நம்ம நாவல்ல உள்ளவன்வே. பாதியில நிக்கான்.”

“அப்ப சரி. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். எங்க வீட்டு மாடிகூடப் பாதியிலதான் நிக்கி, கம்பியெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு. சட்டுபுட்டுன்னு முடிச்சுவிடும்.”

“வர மாட்டேங்கு.”

சுப்பையா மேற்கொண்டு கேட்கவில்லை. ஊரும் கேட்கவில்லை. வாக்காளர் பட்டியலில் அவனுக்குத் தகப்பன் பெயர் தெய்வநாயகம் என்று எழுதினார்கள்; ஓட்டுச்சாவடி பஸ் நிலையத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் இருந்ததால் அவன் தவறாமல் ஓட்டுப் போட்டான். மூன்றாம் அத்தியாயத்தில் அவன் இரண்டு இட்லி சாப்பிட்டிருந்ததால் தினமும் இரண்டு இட்லிதான் சாப்பிட்டான். மூன்றாவது வைத்தால் தொண்டை அடைத்துவிடும் என்பது தெரிந்து சுப்பையாவும், அவருக்குப் பின் கடையைப் பார்த்த அவர் மகள் செல்லத்தாயும், இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். அவனை மாமா என்று கூப்பிட்ட பிள்ளைகள் வளர்ந்து அண்ணே என்றார்கள், பிறகு பெயர் சொன்னார்கள், பிறகு தம்பி என்றார்கள், கடைசியில் ஏலே என்றார்கள். செல்லத்தாய் இந்த ஐந்து படியையும் ஏறியவள். அவன் மட்டும் அவளை முதல் நாள் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டான்: “ஏ பிள்ளே.”

கழிப்பறைக்குப் போகிற பெண்கள் கைப்பிள்ளையை அவனிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படி வாங்கி வாங்கி, பூவரசங்கோட்டையில் பாதி ஜனம் அவன் தோளில் எச்சில் வழிய விட்டு வளர்ந்தது. தலை நிற்காத பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று பெற்றவளுக்கே சொல்லிக்கொடுப்பான். ஆனால் மஞ்சள் பைக்குள்ளிருந்த கிலுகிலுப்பையை மட்டும் எந்தப் பிள்ளைக்கும் காட்டியதில்லை. எவ்வளவு வீரிட்டு அழுதாலும் காட்டியதில்லை. “இது வேற ஒரு ஆளுக்கு” என்பான்.

தெய்வநாயகம் அவன் வந்த நாளிலிருந்து பத்தொன்பது வருஷம் அந்தக் கூண்டுக்குள்ளேயே இருந்து, தன் கதாபாத்திரம் தினம் துண்டு எறிவதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, 1990-ல் செத்துப்போனார். இருநூற்றுப் பதினோரு தாளும், எழுதாத சில தாள்களும், ஒரு தகரப்பெட்டியில் வீட்டுப் பரணுக்குப் போயின.

*

அவர் பேத்தி உலகம்மைக்கு அப்போது ஐந்து வயது. முப்பத்து நான்காவது வயதில் அவள் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்தாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. தோற்றம் இன்ன தேதி, மறைவு இன்ன தேதி, நடுவில் ஒரு புகைப்படம், கீழே ‘இவண்’ என்று துக்கப்படுகிறவர்களின் பட்டியல். ஊரில் யார் செத்தாலும் ஒரு மணி நேரத்தில் அவள் விரல் வழியாகத்தான் சுவருக்குப் போவார்கள். மிச்ச நேரத்தில் அவள் கதை எழுதினாள். பதினான்கு வருஷம் எழுதினாள். திரும்பி வந்த கதைகளை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுவைத்தாள். வராதவை தொலைந்துபோனவை என்று நம்பினாள். இலக்கணம் சுத்தம், ஒற்றுப்பிழை கிடையாது, படித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதை அவளே அறிந்திருந்தாள் என்பதுதான் பரிதாபம்.

வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது தகரப்பெட்டி இறங்கியது. தாத்தா எழுதியது எல்லோருக்கும் தெரியும்; எழுதியதை யாரும் படித்ததில்லை. உலகம்மை ஒரு மத்தியானம் உட்கார்ந்தாள், இருநூற்றுப் பதினோரு தாளையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். இவ்வளவு காலமாகத் தான் எழுத நினைத்தது இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டாம் அத்தியாயத்து ஜோசியன் ‘தண்ணியைக் கண்டா ஒதுங்கிப் போ’ என்கிறான். எட்டாம் அத்தியாயத்தில் வெட்டிய கிணற்றில் ஊற்று சீறி எழும்பி இவன் கூட்டாளியை இழுத்துப் போகிறது. எந்தத் தாளைத் தூக்கினாலும் அடியில் எங்கோ ஓர் ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது.

பெட்டியின் அடியில் இருநூற்றுப் பன்னிரண்டாம் தாள் இருந்தது. பென்சிலில் இரண்டு குறிப்பு. மேலே செவ்வாய்க்கிழமைத் தேதியிட்டு: ‘தரைப்பாலம். வெள்ளம். பிள்ளையைப் பார்க்கவில்லை.’ கீழே புதன்கிழமைத் தேதியிட்டு: ‘குழாயடியில் நிற்கிறான். என்னால் முடியாது.’

உலகம்மை இரண்டையும் படித்தாள். தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஆறு மாதம் அவள் மொத்த நாவலையும் கடைக் கம்ப்யூட்டரில் அடித்தாள். அடிக்கும்போதே செதுக்கினாள், தாத்தா மூன்று வரியில் சொன்னதை ஒரு வரி ஆக்கினாள், ஒரு வரியில் விட்டதை ஒரு பக்கம் ஆக்கினாள். இது யாருடைய நாவல் என்ற கேள்வி ஐம்பதாம் பக்கத்தில் வந்து, தொண்ணூறாம் பக்கத்தில் போய்விட்டது. முடிவுக்கு வந்தபோது, மயிலேறும்பெருமாள் பஸ் ஏறிக் கருத்தாப்பட்டி போய்ப் பிள்ளையைக் கையில் வாங்குகிற மாதிரி எழுதினாள். கம்ப்யூட்டரில் எழுதியதால் வெளியே ஒன்றும் நடக்கவில்லை. அவன் பாட்டுக்குத் துண்டு எறிந்துகொண்டு நின்றான். சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று மிச்சமிருந்த டிரிப் ஷீட்டில் ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில், ‘மயிலேறும்பெருமாள் படியில் வலது காலை வைத்தான்’ என்று மட்டும் எழுதினாள்.

பத்தே முக்கால் தென்காசி பஸ்ஸில் அவன் வலது காலை வைத்தான்.

செல்லத்தாய் கையிலிருந்த கரண்டியோடு ஓடிவந்தாள். டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தான். மயிலேறும்பெருமாள் குனிந்து, படியில் இருந்த தன் காலை வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி பார்த்தான். இடது கால் தரையைவிட்டு வரவில்லை. ஆனாலும் ஊருக்கு அது போதும். அன்று சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது: டைம் கீப்பர் பேத்தி மிச்சக் கதையை எழுதப்போகிறாள், மயிலேறி வீட்டுக்குப் போகப்போகிறான்.

உலகம்மை அதே வாரம் அடித்துமுடித்த பிரதியைச் சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினாள். பத்து நாளில் பதிப்பாசிரியர் இளஞ்செழியன் போனில் கூப்பிட்டார். அவளை யாரும் இதற்கு முன்னால் ‘நாவலாசிரியர்’ என்று கூப்பிட்டதில்லை. அவர் எடுத்தவுடனே அப்படித்தான் ஆரம்பித்தார்.

“ரெண்டு நாளா தூக்கமில்லைங்க. இப்படி ஒரு கையெழுத்துப் பிரதி வந்து எவ்வளவு காலமாச்சு தெரியுமா? முடிவு மட்டும் வார இதழ் மாதிரி இருக்கு. போனான், பிள்ளையைப் பார்த்தான், அழுதான். முதல் பக்கத்துலேர்ந்து ஒரு ஆறு வந்துக்கிட்டே இருக்கே, அது எதுக்கு வருது? உங்க தாத்தா முடிவு பற்றிக் குறிப்பு ஏதும் வைக்கலையா?”

உலகம்மை மடித்த தாளைப் பிரித்தாள். மேல் குறிப்பை வாசித்தாள். கீழ்க் குறிப்பை வாசிக்கவில்லை.

இளஞ்செழியன் மெதுவாக, சாமி கும்பிடுகிற குரலில் சொன்னார்: “அதுதாங்க நாவல்.”

அவருக்குத் தென்காசி பஸ்ஸும் தெரியாது, குழாயடியும் தெரியாது. அவரைக் குறை சொல்ல இந்தக் கதையில் இடமில்லை.

*

நாலு நாள் உலகம்மை கடையிலிருந்து பஸ் நிலையத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் அவனே கடைக்கு எதிரே, எழுத்து அனுமதித்த எல்லையான வேப்பமரத்தடிவரை வந்து நின்று கூப்பிட்டான். சின்னப் பிள்ளையில் இவளும் அவனை மாமா என்றவள்தான். இப்போது அவனைவிட ஏழு வயது மூத்தவளாகிவிட்டதால், எந்த உறவும் சொல்லாமல் பேசப் பழகியிருந்தாள்.

“தாயி, எப்ப எழுதப்போற?”

“எழுதிட்டுத்தான் இருக்கேன்.”

“ஒண்ணும் அவசரமில்ல. இவ்வளவு நாள் நின்னாச்சு. காலு மட்டும் படியில வச்சு வச்சு எடுக்கேன்லா, அது ஒரு மாதிரி இருக்கு.” சிரித்தான். “பிள்ளை பேரு தெரியுமா உனக்கு?”

“தாத்தா பேரு வைக்கல.”

“அப்ப நாமதான் போய் வைக்கணும்.” மஞ்சள் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். “தாயி, ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். பாத்ததுக்கு அப்புறம் என்ன எழுதினாலும் சரி. கதைன்னா ஆள் சாவத்தான் செய்வான். அதுல எனக்கு வருத்தமில்ல. பாத்திரணும். அவ்வளவுதான். பாத்திருவேன்ல?”

“பஸ் ஏறிருவீங்க” என்றாள் உலகம்மை.

அவன் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பிப் போனான். கிணறு வெட்டுகிறவனாக எழுதப்பட்டவன். வார்த்தையைத் தோண்டிப் பார்க்கிறவனாக எழுதப்படவில்லை.

அன்று சாயங்காலம் அவள் மிச்சமிருந்த தாள்களை எடுத்தாள். அவளுக்கு நியாயங்கள் இருந்தன. தாத்தா நினைத்த முடிவு இதுதானே. நாம் அவருடைய ஆசையைத்தானே நிறைவேற்றுகிறோம். எழுத்தாளன் இரக்கப்பட்டால் எழுத்து இளைத்துப்போகும். அவன் ரத்தமும் சதையும் இல்லை, மை. இந்த மூன்று நியாயங்களும் நல்ல நியாயங்கள்; உரையாசிரியர்கள் இதைவிட மோசமான நியாயங்களைக் கொண்டு பெரிய பெரிய பாடல்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை பத்தே முக்கால் பஸ் என்று குறிப்பிட்டு, இரண்டு தாள் எழுதினாள். அவள் பதினான்கு வருஷத்தில் எழுதியதிலேயே சிறந்த இரண்டு பக்கம். எழுதி முடித்ததும் படித்துப் பார்த்து அழுதாள். அழுகை வருகிறது என்பதில் அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

மயிலேறி நாளைக்கு ஏறிவிடுவான் என்று மட்டும் செல்லத்தாயிடம் சொல்லிவைத்தாள்.

*

வெள்ளிக்கிழமை, 11.10.2019. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. சீவலாற்றில் பதினோரு வருஷமாகத் தண்ணீர் இல்லை; மணல் அள்ளிய குழிகள் மட்டும் இருந்தன. பத்து மணிக்கே ஊர் பஸ் நிலையத்தில் கூடிவிட்டது. மயிலேறும்பெருமாள் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மஞ்சள் பையோடு நின்றான். பத்தே முக்காலுக்கு வழக்கமான பஸ் வரவில்லை. மூக்கு நீண்ட, பச்சை வண்ணம் பூசிய, எழுபத்தொன்றாம் வருஷத்து பஸ் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு வளைந்து நுழைந்தது. அதன் டிரைவரும் கண்டக்டரும் தெய்வநாயகத்தின் பதினேழாம் அத்தியாயத்தில் வருகிறவர்கள். இப்போதைய டைம் கீப்பர் அதன் நேரத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

கடை வாசலில் நின்ற உலகம்மைக்கு அப்போதுதான் தான் எழுதிய ஒரு வாக்கியம் ஞாபகம் வந்தது. ‘பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை.’ கூட்டத்தை வருணித்தால் வெள்ளத்துக்குக் கனம் சேரும் என்று எழுதிய வாக்கியம். பஸ் நிலையத்தில் தென்காசி போக வேண்டியவர்கள் அறுபது எழுபது பேர் நின்றார்கள். சிலர் இடுப்பில் பிள்ளை. அவள் கத்துவதற்காக வாயைத் திறந்தாள்.

அதற்குள் துண்டுகள் பறந்தன. நாற்பத்தெட்டு வருஷம் தங்களுக்கு இடம் பிடித்தவனுக்கு இன்றைக்கு நாம் பிடிப்போம் என்று ஒவ்வொரு வீடும், அடுத்த வீட்டைக் கேட்காமல், தனித்தனியே முடிவு செய்திருந்தது. ஒருவருக்கொருவர் சொல்லி வைத்திருந்தால் ஒரு துண்டு போதும். எல்லா ஜன்னல் வழியாகவும் துண்டு, கைக்குட்டை, குற்றாலத் துண்டு, கட்சித் துண்டு விழுந்து, நாற்பத்திரண்டு இருக்கையும் மயிலேறும்பெருமாளுக்கே பிடிக்கப்பட்டுவிட்டன. துண்டு எடுத்துவராத செல்லத்தாய், மேஜை துடைக்கிற கரித்துணியைச் சுருட்டி எறிந்தாள்.

“எல்லாச் சீட்டும் எனக்கா?” என்றான் அவன், படியில் வலது கால், தரையில் இடது கால்.

“எந்துண்டுல உக்காரும்வே, அது புதுசு.”

“ஏ, ஜன்னலோரம் நான்லா போட்டேன்!”

“ஏலே மயிலேறி,” என்றாள் செல்லத்தாய், “நம்ம கரித்துணி ரெண்டாவது சீட்டுல கிடக்கு.”

இடது காலும் ஏறியது. அவன் எல்லாத் துண்டையும் தாண்டிப் போய்க் கரித்துணி கிடந்த இருக்கையில் உட்கார்ந்தான். வேறு ஒருவரும் ஏறவில்லை. எல்லா இடத்திலும் துண்டு கிடக்கும்போது எப்படி ஏறுவது? தென்காசியில் வேலை இருந்தவர்களும் அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

உலகம்மை அதைப் பார்த்தாள். யாரும் ஏறவில்லை என்று தெரிந்ததும், திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

பஸ் கிளம்பியது. ஜன்னல் வழியாக அவன் மஞ்சள் பையிலிருந்து கிலுகிலுப்பையை எடுத்து, முதல்முறையாக எல்லோருக்கும் காட்டி ஆட்டிக்கொண்டே போனான்.

இருபது நிமிஷத்தில் தரைப்பாலத்துப் பக்கம் ஆடு மேய்த்தவர்கள் ஓடிவந்தார்கள். காய்ந்த ஆற்றில் பனை உயரத்துக்குத் தண்ணீர் வந்ததாம், பத்து நிமிஷம் ஓடியதாம், நின்றுவிட்டதாம். ஊர் போய்ப் பார்த்தபோது பஸ் இல்லை, ஆள் இல்லை. மணல் ஏற்கெனவே வெயிலில் உலர்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் கால் மைல் தூரத்துக்குத் துண்டுகள் பரந்து கிடந்தன. ஒவ்வொருவரும் குனிந்து அவரவர் துண்டைத் தேடி எடுத்துப் பிழிந்தார்கள். நாற்பத்தொன்று கிடைத்தது. செல்லத்தாய் இருட்டும்வரை தேடியும் கரித்துணி கிடைக்கவில்லை.

சுவரொட்டியை உலகம்மைதான் வடிவமைத்தாள். தோற்றம் 14.9.1971 என்று அவள் அடித்தபோது, செவ்வாய்க்கட்சிக்காரர்கள் ஜெயித்ததாக எண்ணிக்கொள்ளக்கூட இல்லை. மறைவு 11.10.2019. புகைப்படம் இல்லாததால் கட்டத்தை வெறுமனே விட்டாள். ‘இவண்’ என்பதற்குக் கீழே யாரைப் போடுவது என்று கேட்டபோது, செல்லத்தாய் சொன்னாள்: “பேர் வைக்காத மகள்னு போடுட்டி. முதல்ல அதைப் போடு. அப்புறம் ஊர்ப் பொதுமக்கள்.”

எல்லோரும் அழுதார்கள், உலகம்மையும் அழுதாள். ஆறு வந்தது விதி என்று அன்றைக்கு ஊர் நினைத்தது.

*

ஜனவரியில் நாவல் வந்தது. முகப்பில் உலகம்மையின் பெயர், சமர்ப்பணத்தில் தாத்தாவின் பெயர். ஊருக்கு ஐந்து பிரதி கொடுத்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்காக, ஓய்வுபெற்ற பால்ராஜ் வாத்தியார் டீக்கடையில் தினம் ஒரு அத்தியாயம் வாசித்தார். இருபது நாள் கடையில் இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் அத்தியாயத்து இட்லி வந்தபோது சிரித்தார்கள். கிலுகிலுப்பை வாங்குகிற இடத்தில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். இருபத்தோராம் நாள் கடைசி அத்தியாயம். உலகம்மையும் வந்து ஓரமாக நின்றாள்.

வாத்தியார் வாசித்தார். மேகமில்லாத வானம். மூக்கு நீண்ட பஸ். தரைப்பாலம். பனை உயரத் தண்ணீர். ‘பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை’ என்ற இடத்தில் அவர் குரல் நின்றது. அந்த வரியை மறுபடி மனசுக்குள் படித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி மடியிலிருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். அன்றைக்கு அவள் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போக நின்றவள். வாத்தியார் மிச்சத்தை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி, கண்ணாடியைக் கழற்றினார்.

“இது நடந்ததுக்கு அப்புறம் எழுதினதா தாயி, முன்னாலயா?”

உலகம்மைக்குப் பொய் சொல்ல வந்திருக்கலாம். நாவலாசிரியைதானே. ஆனால் அத்தனை பேர் முகமும் அவள் பக்கம் திரும்பியிருந்தன.

“முதல் நாள்” என்றாள். “தாத்தா குறிப்பு வச்சிருந்தார். சென்னையிலயும் அதுதான் சரின்னாங்க. வேற மாதிரி முடிச்சா புத்தகம் நிக்காது.”

யாரும் வையவில்லை. செல்லத்தாய் டம்ளரைக் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், சாதாரணமாகச் சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டாள். அவளுக்குத் தன் பெயரைத் தவிர வேறொன்றும் எழுதத் தெரியாது.

“ஏட்டி, சென்னைக்காரனுக்குக் கம்ப்யூட்டர்ல ஒண்ணு எழுதிக் குடுத்துட்டு, இவனுக்கு அந்தத் தாள்ல ஒண்ணு எழுதியிருக்கலாமே?”

மறைக்க ஒன்றும் இல்லை. அந்த யோசனை உலகம்மைக்குத் தோன்றவே இல்லை. ஆறு மாதம் ராப்பகலாக அந்த நாவலை மட்டுமே நினைத்தவளுக்கு, நாலு தாள் கையில் வைத்திருந்தவளுக்கு, ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. டம்ளரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கூட்டம் ஒவ்வொருவராக எழுந்து போயிற்று.

பிப்ரவரியில் நாவலுக்கு மாநில அளவில் ஒரு பரிசு அறிவித்தார்கள். பேரூராட்சி சார்பில் பஸ் நிலையத்தில் பாராட்டு விழா நடந்தது, ஃபிளெக்ஸ் வைத்தார்கள், சால்வை போர்த்தினார்கள், தலைவர் அவளை ‘மண்ணின் மகள்’ என்றார். ஊர் வந்து கை தட்டியது. மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

பரிசு வாங்கச் சென்னை போகிற அன்று காலை, மதுரை பஸ்ஸுக்காக அவள் போய் நின்றாள். பஸ் வளைந்து நுழைந்தபோது அவள் ஓடவில்லை; பட்டுச்சேலை. ஏறிப் பார்த்தாள். இருக்கைகளில் ஆள் ஒருவரும் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கிடந்தது, மடிப்புக் கலையாமல், துவைத்து உலர்த்தியது. சிலவற்றின் ஓரத்தில் இன்னும் ஆற்று மணல் ஒட்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஊர் நின்றது. பஸ்ஸை யாரும் பார்க்கவில்லை. அவரவர் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். செல்லத்தாய் இட்லிக் கொப்பரையைத் திறந்து, ஆவிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பஸ் கிளம்பியது. யாரும் ஏறவில்லை. உலகம்மை மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எந்த ஊர் பஸ்ஸும் தாண்டியாக வேண்டிய தரைப்பாலம் வந்தது, போனது. ராஜபாளையம் தாண்டியும் நின்றாள். கண்டக்டர் மதுரைக்காரர், புதுசு. டிக்கெட் கட்டைத் தட்டிக்கொண்டே அவளையும் காலி இருக்கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏம்மா கால் கடுக்க நிக்கிறீங்க? வண்டியே காலியா கெடக்கே. அந்தத் துண்டை எடுத்து ஓரமா வச்சுட்டு உக்காருங்க.”

உலகம்மை குனிந்து பக்கத்திலிருந்த துண்டைப் பார்த்தாள். கையை நீட்டினாள். விரல் அதன் ஓரம்வரை போய் நின்றுவிட்டது.

“ஆள் வருது” என்றாள்.